பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் யூபிகீ: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருப்பூரில் எந்த ஏற்றுமதி அலுவலகத்துக்குள் போனாலும், கணக்குப் பிரிவு மேசையின் இழுப்பறையில் நான்கைந்து டிஎஸ்சி டோக்கன்கள், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைத் தாங்கிய யூஎஸ்பி கருவிகள், ஒரு ரப்பர் பேண்டுக்குள் கிடக்கும். முதலாளியுடையது, அவர் மனைவியுடையது, பங்குதாரருடையது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் தாள் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள்; பல இடங்களில் பெயருக்குக் கீழேயே பின் நம்பரும் இருக்கும். சட்டப்படி ஒருவருடைய கையொப்பத்துக்குச் சமமான பொருள் அது என்பதையோ, அந்த இழுப்பறைக்குப் பூட்டே இல்லை என்பதையோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் அலுவலகமும் அப்படித்தான் இருந்தது. ஆகையால், இணையக் கணக்குக்குள் நுழையும்போது கணினியில் செருகித் தொடும் யூபிகீ என்ற பாதுகாப்புச் சாவிகள் பன்னிரண்டை வாங்கி வந்து நான் மேசைமேல் வைத்தபோது, எங்கள் கணக்காளர் அம்மையார் கேட்ட முதல் கேள்வி, "இதுவும் டிஎஸ்சி மாதிரிதானுங்களா?" என்பதாக இருந்தது. பாதி ஆமாம் என்று சொன்னேன். அந்தப் பாதியால் எங்களுக்கு எவ்வளவு எளிதாயிற்று, அதே பாதியால் எவ்வளவு தொல்லை வந்தது என்பதைப் பதினான்கு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். மொத்தம் முப்பது பேருக்குள் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. கணினித் துறைக்கென்று தனியாக ஆள் கிடையாது. அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பவன் நான்.

வாங்கியதற்குக் காரணம் ஒரு நட்டம். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சன்டைசர் ஒருவருக்கு, திருத்திய பர்ச்சேஸ் ஆர்டர் என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தட்டியதும், நாங்கள் தினமும் பார்க்கும் உள்நுழைவுப் பக்கத்தைப் போன்றே ஒரு பக்கம் திறந்தது. அவர் கடவுச்சொல்லைக் கொடுத்தார். கைபேசிக்கு வந்த ஓடிபியையும் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று வாரம் யாரோ ஒருவர் அந்த அஞ்சல்பெட்டிக்குள் உட்கார்ந்து, எங்களிடம் ஆடை வாங்கும் ஐரோப்பியப் பையரோடு (வாங்குபவரோடு) நடந்த கடிதப் போக்குவரத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பையரிடமிருந்து வரும் கடிதங்கள் மட்டும் எவரும் திறந்து பார்க்காத ஓர் அஞ்சல் உறைக்குள் (ஃபோல்டருக்குள்) தானாகவே போய் விழும்படி ஒரு விதியையும் அமைத்துவிட்டார். ஷிப்மென்ட் கிளம்பி, ஆவணங்களை நாங்கள் அனுப்பிய மறுநாள், எங்கள் முகவரியிலிருந்தே, நாங்கள் எழுதும் அதே நடையில், வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் இந்த ஒரு இன்வாய்ஸுக்கு மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும் என்று பையருக்கு ஒரு கடிதம் போயிற்று. 18,400 யூரோ போனது. கெடு தாண்டிப் பதினோரு நாள் கழித்து நாங்கள் தொலைபேசியில் கேட்டபோதுதான் இரு தரப்புக்கும் தெரிந்தது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோம். ஆனால் பணம் ஐரோப்பாவில் ஒரு வங்கியிலிருந்து ஐரோப்பாவிலேயே இன்னொரு வங்கிக்குப் போயிருந்ததால், இந்திய வங்கி எதையும் தடுத்து நிறுத்தச் சொல்வதற்கு வழியில்லை. நட்டத்தைப் பையரும் நாங்களும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். அப்போது நாங்கள் வேறொரு அஞ்சல் சேவையில் இருந்தோம்; குறை அதனுடையதன்று. ஓடிபி இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று நான் நம்பியிருந்தது என் குறை.

ஓடிபி ஏன் கைவிட்டது என்பது புரிந்தால்தான் இந்தச் சாவிக்குப் பணம் கொடுக்கலாமா என்பது விளங்கும். ஓடிபி என்பது மனிதன் பார்த்து எடுத்துக் கொடுக்கும் ஆறு இலக்கம்; தன்னைக் கேட்பவர் யார் என்று அந்த இலக்கங்களுக்குத் தெரியாது. போலிப் பக்கத்தை நடத்துபவர்கள், நாம் தட்டச்சு செய்வதை அந்த நொடியிலேயே அசல் தளத்துக்குக் கடத்தி, நுழைந்துவிட்டதற்கு அடையாளமாக அங்கிருந்து உலாவிக்குக் கிடைக்கும் அமர்வுக் குக்கியைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எவில்ஜின்எக்ஸ் போன்ற கருவிகள் இந்த வேலையைத் தானாகவே செய்கின்றன. பாதுகாப்புச் சாவி நடந்துகொள்ளும் முறை வேறு. ஒரு தளத்தில் முதன்முறை பதிவு செய்யும்போது, அந்தத் தளத்துக்கென்றே ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு மின்னணுச் சாவிகள் கொண்ட ஓர் இணை அதற்குள் உருவாகிறது; இணையில் ஒன்று தளத்துக்குப் போகிறது, மற்றொன்று உள்ளிருக்கும் சில்லை (சிப்பை) விட்டு வெளியே வருவதே இல்லை. அடுத்த முறை உள்நுழையும்போது, எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதை உலாவி தானே சாவிக்குத் தெரிவிக்கிறது. பக்கம் கண்ணுக்கு எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்த முகவரிக்கு உரிய இணை உள்ளே கிடையாது. சாவி பேசாமல் இருந்துவிடும். நம் ஊழியர் ஏமாந்துபோய்ப் பத்து முறை தொட்டாலும் கொடுப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பெரிய நிறுவனத்தார். 2017-இன் தொடக்கத்தில் தன் ஊழியர் அனைவருக்கும் இத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய கூகுள், 85,000-க்கும் மேற்பட்ட அவர்களில் ஒருவருடைய பணிக் கணக்கும் அதன்பின் போலிப் பக்கத்தால் பறிபோகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது. 2022 ஜூலையில், இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்திகள் வந்து சேர்ந்தன. மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தும்விட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் சாவி இருந்ததால் தாக்கியவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அதே காலத்தில் அதே பாணித் தாக்குதலில் டுவிலியோ நிறுவனம் மாட்டிக்கொண்டது. கிளவுட்ஃபிளேரில் வேலை செய்பவர்களே ஏமாறும்போது, இரவு ஒன்பது மணிக்கு பையரின் நேரத்துக்கு விழித்துக்கொண்டிருக்கும் எங்கள் மெர்ச்சன்டைசர் பையன் ஏமாந்ததற்காக நான் அவனைத் திட்டியதை நினைத்து இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இனிப் பொருளைப் பற்றி. யூபிகீயைத் தயாரிக்கும் யூபிகோ என்பது 2007-இல் சுவீடனில் தொடங்கிய நிறுவனம். யூபிகீ 5 என்எஃப்சி என்ற வகை, ஒரு சிறு பென் டிரைவின் பாதித் தடிமனில், 3 கிராம் எடையில், நடுவே பொன்னிறத் தொடுபரப்போடு இருக்கும். மின்கலம் இல்லை, திரை இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. நீரும் தூசியும் புகாத தரம். பஞ்சுத் தூசி பறக்கும் எங்கள் ஊரில் இதை நான் முக்கியமாகவே கருதுகிறேன். சாவிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கணினிகளின் யூஎஸ்பி துளைகளுக்குள் பஞ்சு அடைந்திருந்ததால், முதல் வாரம் சாவி வேலை செய்யவில்லை என்று வந்த புகார்களில் பாதியை ஒரு தூரிகையைக் கொண்டே தீர்த்தேன். நான் வாங்கியபோது விலை அமெரிக்காவில் ஒன்றுக்கு 50 டாலரை ஒட்டியிருந்தது. இங்கே வரியும் விநியோகஸ்தர் இலாபமும் சேர்ந்து அதற்கு மேல் போகும். இதே நிறுவனத்தின் மலிவான வகை ஒன்று, வெறும் செக்யூரிட்டி கீ என்ற பெயரில், ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அஞ்சலையும் சில இணையக் கணக்குகளையும் மட்டும் காப்பதற்கு அதுவே போதும். 5 வரிசையில் கூடுதலாக இருப்பவை, ஆறு இலக்க எண்களை உருவாக்கும் வசதியும் ஸ்மார்ட் கார்டு வசதியும் ஆகும். நான் தெரியாமல் பன்னிரண்டையும் விலை கூடிய வகையிலேயே வாங்கினேன். இன்று வாங்குவதாக இருந்தால் இரண்டை மட்டும் அந்த வகையில் வாங்கி, மீதியை மலிவான வகையில் முடித்திருப்பேன்.

பன்னிரண்டு என்பது ஆறு பேருக்கு. ஒருவருக்கு இரண்டு சாவி என்பது ஆடம்பரமன்று. ஒன்று தொலைந்தால் கணக்கைத் திறக்க மற்றொன்று வேண்டும். பணம், வங்கி விவரம், இன்வாய்ஸ் ஆகியவற்றைத் தொடும் அஞ்சல்பெட்டிகள் எவை என்று கணக்கெடுத்து, அந்த ஆறு பேரிலிருந்தே தொடங்கினோம். தையல் பிரிவு மேற்பார்வையாளருக்கும் கிடங்குக்காரருக்கும் இப்போதைக்குத் தரவில்லை.

அமைப்பதற்கு ஒருவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நாங்கள் இப்போது இருப்பது நிறுவனங்களுக்கான கூகுளின் அஞ்சல் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில். அதன் நிர்வாகப் பக்கத்தில், இரண்டாம் படிச் சரிபார்ப்புக்கு எது செல்லும் என்ற இடத்தில், பாதுகாப்புச் சாவி மட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. இந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு வரியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இந்த வரியைப் படிக்கலாம்: சாவியைப் பதிவு செய்துவிட்டு, குறுஞ்செய்தி ஓடிபியையும் மாற்று வழியாக அப்படியே விட்டுவைத்தால், சாவிக்குக் கொடுத்த பணம் வீண். போலிப் பக்கத்தை நடத்துபவர், வேறு வழியில் முயல்க என்ற பொத்தானின் பக்கமே நம் ஊழியரைக் கூட்டிக்கொண்டு போவார். ஊழியரும் சாவி ஏதோ கோளாறு என்று எண்ணி ஓடிபியைக் கொடுத்துவிடுவார். முன்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தாமல் விடுகிற வேலை அது. நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் விட்டிருந்தேன்.

பின் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். கடவுச்சொல்லே இல்லாமல் சாவியை மட்டும் கொண்டு நுழையும் முறையில் அதற்கென ஒரு பின் நம்பர் வேண்டும். எட்டு முறை தொடர்ந்து தவறாகக் கொடுத்தால் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும்; அதன்பின் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி, பழைய பதிவுகள் எல்லாம் போய்விடும். டிஎஸ்சி டோக்கனும் இப்படிப் பூட்டிக்கொள்வது உண்டு என்பதால் எங்கள் கணக்காளர் அம்மையாருக்கு இது உடனே விளங்கியது. விளங்கியதோடு நிற்காமல், டிஎஸ்சிக்குச் செய்த அதே வேலையை இதற்கும் செய்தார்: மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஆறு சாவிகளும் ஒரு ரப்பர் பேண்டுக்குள், முதுகில் பெயரோடும் எண்ணோடும், அதே இழுப்பறையில் இருந்தன. யாருக்கு எப்போது தேவையோ வந்து வாங்கிக்கொண்டு போகட்டும், தொலையாமல் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடிட்டர் அலுவலகங்களிலேயே இதுதான் நடைமுறை. தொலைதூரத்திலிருந்து வரும் திருடனுக்கு அந்த இழுப்பறை எட்டாது என்பதால், அப்படி வைத்தாலும் போலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்பு கிடைக்கவே செய்யும். ஆனால் யார் எந்தக் கடிதத்தை அனுப்பினார்கள் என்ற பொறுப்பு அங்கே அழிந்துபோகிறது. இப்போது அவரவர் சாவி அவரவர் வண்டிச் சாவிக் கொத்தில் தொங்குகிறது. மாற்றுச் சாவிகள் காசோலைப் புத்தகங்கள் இருக்கும் இரும்பு அலமாரியில், ஒவ்வொன்றும் தனி உறையில், ஒட்டிய இடத்தில் கையெழுத்தோடு இருக்கின்றன.

வாங்குகிறவர்கள் பார்க்கவேண்டிய ஒன்று, சாவிக்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்பு. 2024 செப்டம்பரில் நிஞ்சாலேப் என்ற பிரெஞ்சு ஆய்வகம், இந்தச் சாவிகளின் சில்லைத் தரும் இன்ஃபினியான் நிறுவனத்தின் மறையாக்க மென்பொருள் தொகுப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதற்கு யூக்லீக் என்று பெயரிட்டது. பதினான்கு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத குறை அது. 5.7-க்கு முந்தைய பதிப்புள்ள யூபிகீ 5 சாவிகள் இதனால் பாதிக்கப்பட்டவை. சாவியைக் கைப்பற்றி, உறையைப் பிரித்து, விலையுயர்ந்த கருவிகளை வைத்து அளந்தால்தான் உள்ளிருக்கும் இரகசியச் சாவியை நகலெடுக்க முடியும் என்பதால், எங்களைப் போன்ற அலுவலகத்தை இந்த வழியில் தாக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆயினும் இந்தச் சாவிகளின் உள் மென்பொருளைப் பிறகு புதுப்பிக்கவே முடியாது. அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வாங்கும்போது எந்தப் பதிப்போ கடைசிவரை அதே பதிப்புதான். இங்கே விநியோகஸ்தர்களிடம் பழைய சரக்கு தேங்கியிருக்க வாய்ப்புண்டு. நான் வாங்கிய இடத்தில் பதிப்பைக் கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் சார் என்று பதில் வந்தது. வந்திறங்கிய பன்னிரண்டில் மூன்று பழையவை. யூபிகோவின் ஆத்தென்டிகேட்டர் செயலியில் செருகிப் பார்த்தால் எண் தெரியும் என்பதால் அதைக் காட்டி மாற்றிக்கொண்டேன். புதிய பதிப்பில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ எனப்படும் கடவுச்சாவிகளை 100 வரை வைக்கலாம், பழையதில் 25 மட்டும்; சிறு நிறுவனத்துக்கு இரண்டுமே போதுமென்றாலும், ஒரே விலைக்குப் பழையதை ஏன் வாங்கவேண்டும்?

குறை என்று சொன்னால், நம் அன்றாட வேலையில் பாதி இடங்களில் இந்தச் சாவிக்கு வேலையே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டும். நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிகளின் இணையச் சேவைக்கு இன்றும் ஓடிபிதான். ஜிஎஸ்டிக்கான இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஜனவரி முதல் விற்றுமுதல் அளவைப் பொறுத்துப் படிப்படியாக இரண்டாம் படிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கொண்டுவந்தார்கள். அங்கே குறுஞ்செய்தி, சந்தேஸ் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி ஆகிய மூன்றே வழிகள். சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்திலும் ஏற்றுமதிக்கான டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம்) தளத்திலும் கையொப்பமிட நாங்கள் பயன்படுத்துவது டிஎஸ்சிதான். ஆக, பழைய டோக்கன்களும் இழுப்பறையை விட்டுப் போகவில்லை. புதிய சாவியும் வந்து சேர்ந்திருக்கிறது. எது எதற்கு என்று ஊழியர்களுக்கு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டியிருந்தது.

இரண்டாவது குறை கொஞ்சம் நுணுக்கமானது. உள்நுழைவைத்தான் சாவி காக்கிறது. நுழைந்த பிறகு உலாவியில் தங்கும் அமர்வுக் குக்கியை அது காப்பதில்லை. திருட்டு டிசைன் மென்பொருளைத் தரவிறக்கி, அதோடு வந்த தகவல் திருடும் நச்சுநிரலையும் கணினியில் குடியேற்றிவிட்டால், அந்தக் குக்கியைக் களவாடிக்கொண்டு சாவியைத் தொடாமலே உள்ளே வரலாம். பிரிண்ட், எம்பிராய்டரி வேலை செய்யும் சிறு அலுவலகங்களில் உரிமம் இல்லாத மென்பொருள் எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதுபோலவே, வீட்டிலிருந்து டேலி கணக்கு மென்பொருளைப் பார்ப்பதற்காக அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டிருப்பவர்களுக்கு அஞ்சலில் மாட்டிய சாவி எந்த வகையிலும் துணை செய்யாது. அந்த வாசலைத்தான், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர்க்காரர்கள் தினமும் தட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு சாயப்பட்டறை அலுவலகம் அப்படி மூன்று ஆண்டுக் கணக்கை இழந்தது. பேக்கப் எடுத்த வன்தட்டும் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. இதற்கு வேண்டியது கழற்றி வைத்த பேக்கப்; சாவி அன்று.

எங்கள் நட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், சாவி அன்று இருந்திருந்தால் எங்கள் பெட்டிக்குள் அவர்கள் வந்திருக்க முடியாது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் பையரின் அஞ்சல்பெட்டி பறிபோயிருந்தால் என்ன செய்வது? சென்ற தீபாவளியை ஒட்டி அதுவும் ஏறக்குறைய நடந்தது. பொத்தான், ஜிப் போன்றவற்றைத் தரும் எங்கள் டிரிம்ஸ் சப்ளையரின் உண்மையான முகவரியிலிருந்தே, கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஆறு சாவிகளும் அப்போது ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. காப்பாற்றியது, வங்கிக் கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும் பழைய இன்வாய்ஸில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக்கூடாது என்று நாங்கள் வைத்திருந்த விதி. சப்ளையர் தொலைபேசியில் பதறிப்போனார். அந்த விதிக்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. சாவியையும் விதியையும் நான் சமமாகவே மதிக்கிறேன், விதியைக் கொஞ்சம் கூடுதலாகவும்.

சாவி வாங்காமல், பேசியிலும் கணினியிலும் இலவசமாகக் கிடைக்கும் பாஸ்கீயைப் பயன்படுத்தக் கூடாதா என்று கேட்பார்கள். கூடும், போலிப் பக்கத்திடமிருந்து அதே அளவு பாதுகாப்பு அதிலும் உண்டு. இரண்டு மூன்று பேரே இருக்கும் கடைக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். எங்கள் தொழிலில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: மெர்ச்சன்டைசர்கள் ஓர் ஆண்டுக்கு மேல் ஓர் இடத்தில் நிற்பதில்லை, பேசி அவர்களுடைய சொந்தப் பேசி. வேலையை விட்டுப் போகிறவருடைய பேசிக்குள் எங்கள் நிறுவனத்தின் சாவி எங்கெங்கே நகலாகியிருக்கிறது என்று பின்னால் தேடிக்கொண்டிருப்பதைவிட, அடையாள அட்டையோடு சேர்த்துச் சாவியையும் கையில் வாங்கிக்கொண்டு, அதன் பதிவை நீக்கி, அழித்து, அடுத்தவருக்குக் கொடுப்பது எனக்கு எளிது. இந்தப் பதினான்கு மாதத்தில் இரண்டு சாவிகள் அப்படிக் கைமாறியிருக்கின்றன. டிஎஸ்சியைப் போல இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பணம் கட்டவேண்டியதும் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் கணினிகளின் துளையைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளுக்கு அகன்ற வகையும், புதிய மடிக்கணினிகளுக்கும் பேசிகளுக்கும் சி வகையும் பொருந்தும். என்எஃப்சி என்ற கம்பியில்லாக் குறுந்தொடர்பு வசதி உள்ள பேசியாக இருந்தால் முதுகில் ஒட்டினாலே போதும். எல்லோருக்கும் ஒரே வகையாக வாங்கிய நான், பின்பு மாற்றி இணைப்பான் நான்கு வாங்கினேன். அவற்றில் இரண்டை இப்போதே காணவில்லை. அடுத்த மாதம் சேரும் புதிய மெர்ச்சன்டைசருக்கு மலிவான வகையில், சி துளையில், இரண்டு சாவிகள் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பதிப்பு எண்ணைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட்டேன்.